பத்தலீங்க

எட்டுத் தறி ஓடும் கொட்டகைக்குள்
காதுக்கு வேலை கிடையாது.
பாவு தீர்ந்தது, தார் எடுத்து வா, பையன் சாப்பிட்டானா,
எல்லாம் உதட்டில்தான்.
எதிர்த்தறி பூங்கோதை
என் வாயை வாரப் பத்திரிகை போல வாசிப்பாள்.

கூலிக் கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்று
சங்கத்திலிருந்து வெள்ளிங்கிரி அண்ணன் வந்தபோது
மூன்று ஆண்கள் ஒரே சமயத்தில்
எண்ணெய்க் கேனைத் தேடிப் போனார்கள்.
நான் கரண்ட் பில்லோடு நின்றிருந்தேன்.
"கலாமணி பேசட்டுமே" என்றது யாரென்று
இன்றுவரை தெரியாது.

தறிச் சத்தத்துக்குள் பேசிப் பார்த்தேன்.
"பெரியோர்களே" என்று கத்தினேன்.
எனக்கே கேட்கவில்லை,
அதனால் தைரியமாக இருந்தது.
நூல் விலை, வாடகை, வட்டி,
எல்லாவற்றையும் ஓடுகிற நாடாவிடம் சொன்னேன்.
எதிரே பூங்கோதை உதடசைத்தாள்:
"பெரியோரெல்லாம் வேண்டாம். விஷயத்துக்கு வா."

வியாழக்கிழமை பராமரிப்பு மின்தடை.
கொட்டகை சட்டென்று அடங்க,
பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டது என் குரல்,
குளிக்கும்போது கதவு திறந்தாற்போல.
முதன்முதலாக அதைக் கேட்டேன்.
கீச்சென்று, அவசரமாக,
கடைசி எழுத்தை விழுங்கிக்கொண்டு.
ஓ, நீதானா அது.

அப்புறம் சின்னச் சின்னதாக.
ரேஷன் கடையில் சர்க்கரை எடை குறைந்ததை
வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்.
பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு
கழிவறைத் தாழ்ப்பாள் பற்றி
மூன்று வாக்கியம் எழுதி எடுத்துப் போனேன்.
இரண்டாவது காணாமல் போனது.
என் கையைவிடக் காகிதம் அதிகமாக நடுங்கியது.
அதற்குப் பின் காகிதம் இல்லை,
உள்ளங்கைக்குள் ஒரு காலித் தார்க்குச்சி.
தாழ்ப்பாள் வந்தது,
ஒரு கதவுக்கு மட்டும்.

சொல் அறுந்தால் என்ன செய்வது?
யாரிடமும் கேட்கவில்லை.
இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறோம்,
நுனியைத் தேடி முடிச்சுப் போடுகிறோம்.
நிறுத்தாமல் ஓட்டினால்தானே துணி கெடும்.

மாரியம்மன் நோம்பிக்கு
மைக்செட் கட்ட வந்த பையனைப் பிடித்தேன்.
"வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இருக்கோணுங்க்கா.
எதாச்சும் நம்பர் சொல்லிப் பாருங்க."
பத்து வருஷத்து மீட்டர் கூலியை
வருஷவாரியாகச் சொன்னேன்.
"ஏனுங்க்கா, ஒரே நம்பரையே சொல்லிட்டிருக்கறீங்க?"

வெள்ளிங்கிரி அண்ணனுக்கு வேறொரு கவலை.
"பத்தலைன்னு சொல்லு, போதும்.
அந்த 'ங்க' வேண்டாம், கெஞ்சறாப்பல இருக்குது."
எடுத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
வேறு யாரோ வீட்டுப் பல்லைக்
கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

சோமனூர் கல்யாண மண்டபம்.
பெயரைக் கூப்பிட்டார்கள்.
நாலு விரல் அளந்து நின்றேன்.
இரண்டாம் வாக்கியத்தில்
கடைசி வரிசையில் பூங்கோதை எழுந்து
இரண்டு கையையும் ஆட்டினாள்.
"மைக்கை எறக்கு. வாய் தெரியலை."

அப்போதுதான் பார்த்தேன்.
அத்தனை பேரும் என் உதட்டையே பார்த்திருந்தார்கள்,
காதைப் பாதி தறிக்குக் கொடுத்துவிட்டவர்கள்.
மைக்கை நெஞ்சுவரை இறக்கினேன்.
சத்தம் குறைந்தது.
யாரும் குறை சொல்லவில்லை.

"மீட்டருக்கு இந்தக் கூலி பத்தலீங்க."
கடைசி எழுத்தை விழுங்காமல்,
வாயை நன்றாகத் திறந்து.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.
மண்டபம் முழுக்க உதடுகள் அசைந்தன,
ஓசையே இல்லாமல்:
பத்தலீங்க.

மொத்தம் பதினொரு வாக்கியம்.
பத்தோடு இறங்கிவிட்டேன்.
விட்டது எதுவென்று
கருமத்தம்பட்டி தாண்டி
வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது
ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை.
ஏசி அறையாம், ஊசி விழுந்தால் கேட்குமாம்.
உதட்டைப் படிக்கத் தெரியாதவர்கள்
எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.