அறுபத்திரண்டு கிலோ

காவேரிப்பாக்கம் ஏரி கோடி போகிறது.
செய்தி வந்த ராத்திரியே நெகேமியா
தூண்டில் பெட்டியைத் திறந்து
முள்ளை எல்லாம் பேப்பரில் பரப்பினார்.
கரையில் நின்று போட்டது போதுமாம்.
கட்லா எல்லாம் நடுவில் இருக்கிறதாம்.
சீட்டெடுத்த இருபத்திநாலாயிரம்
பேங்கில்தான் கிடக்கிறது.
ஆனாலும் அதைப் பற்றி
தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டோம்.

முதல் படகு வாலாஜாவில்,
எத்திராஜ் பட்டறைக்குப் பின்னால்
கவிழ்த்துப் போட்ட பச்சை ஃபைபர்.
மேலே இரண்டு லுங்கி காய்ந்தது.
ஏதோ ரிசார்ட்டில் ஓடியதாம்.
"அன்னப்பறவ கழுத்து இருந்துச்சி, அறுத்துட்டேன்.
மீன் புடிக்கிற ஆளுக்கு அது இன்னாத்துக்கு?"
அறுத்த இடத்தில் சாம்பல் பூச்சு, தட்டளவு வட்டம்.
தையல் பிரித்த முழங்காலைத் தொடுவது போல்
அதைத் தொட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி.
பழைய இரும்புக் கடைத் தராசில்
நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள்:
அறுபத்திரண்டு.

இரண்டாவது, காட்பாடி காந்தி நகரில் மூன்றாம் மாடி.
படிப்பு முடித்து ஊருக்குப் போகும் பையன்
சோஃபாவை ஒதுக்கிவிட்டு
ஹாலிலேயே ஊதிக் காட்டினான்.
காலால் மிதிக்கும் பம்ப். அவன் மிதிக்க மிதிக்க
தூங்கி எழும் எருமை மாதிரி
ரப்பர் படகு எழுந்தது.
"உக்காந்து பாருங்க ஆன்ட்டி. பத்தொன்பது கிலோதான்,
ஸ்கூட்டியிலயே வச்சிக்கலாம்."
அவன் டீ போடப் போனான்.
நாங்கள் இருவரும்
மொசைக் தரையில், ஓடும் ஃபேனுக்குக் கீழே,
படகில் உட்கார்ந்திருந்தோம்.
முழங்காலோடு முழங்கால் இடித்தது.
இவர் இல்லாத தூண்டிலை ஒருமுறை வீசினார்.
டிவி ஸ்டாண்டு வரை போயிருக்கும்.

இருபது வருஷமாக
மற்றவர்களின் முதுகைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.
இவர் முதுகுக்குச் சம்பளம் கிடையாது.
நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில்
தட்டு பிதுங்கி நாற்பது நாள் படுத்தவர்
"தூக்கிடுவேன்" என்கிறார்.
ரப்பரே வாங்கலாம் என்றால்
வறண்ட வருஷமெல்லாம் ஏரிக்குள் வளர்ந்த
வேலிக்காத்தான் இன்னும் அங்கேதான் இருக்கிறது,
இப்போது தண்ணீருக்கு அடியில்.
ஒரு முள் போதும்.
நட்ட நடு ஏரியில்
பஞ்சர் ஒட்ட யார் கடை போட்டிருக்கிறார்கள்?

"எனக்கு நீச்சல் தெரியும்" என்றார்.
"எனக்குத் தெரியாதே."
சப்பாத்தியைப் பிய்த்த கை நின்றது.
"நீயும் வர்றியா?"

அதுவரை நான் போட்ட கணக்கெல்லாம்
இரண்டு பேருக்கு.
என் ஐம்பத்தெட்டு, அவர் எழுபத்தொன்று,
தண்ணி பாட்டில், குடை, புளிச்சாதம்.
மீன் நான் சாப்பிட மாட்டேன்.
அது வேறு விஷயம்.

"பின்னே?" என்றேன்.
அன்று வேறெதுவும் பேசவில்லை.
ஆனால் பாத்திரத்தை அவர் கழுவினார்.

சனிக்கிழமை எத்திராஜிடம் ஐநூறு அட்வான்ஸ்.
படகை வண்டி வைத்து ஏரியில் இறக்குவது அவர் பொறுப்பு.
மீன் ஏலம் எடுத்தவரின் ஆள் கன்னியப்பன்
மோட்டார் கொட்டகை ஓரம் கட்டிக்கொள்ள விட்டார்.
மாசம் முந்நூறு,
ஏதாவது மாட்டினால் அவருக்கு ஒன்று.
இவர் தூக்கவே வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.
காந்தி நகர் பையனுக்கு ஃபோன் செய்து
டீ நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில்
வண்டியை மெதுவாக்கினேன்.
மணல் மேட்டைச் சுற்றிக் கணுக்கால் அளவு
தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.
பின்சீட்டிலிருந்து கேட்டார்:
"பேர் என்ன வைக்கலாம்?"

முதலில் துடுப்பு வாங்க வேண்டும் என்றேன்.
அதை நாங்கள் இருவருமே
எத்திராஜிடம் கேட்கவில்லை.