பரிந்துரை எண் ஏழு

சமவெளி முழுக்க வெள்ளம்.
படகு கலாபோவை விட்ட நான்காம் மணியில்
என் பழைய அறிக்கையை நானே திறந்தேன்,
கடன் கொடுத்தவன் வீட்டு வழியே போகிறவனைப் போல.

பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் வீடு.
பன்னிரண்டு கட்டில், சூரிய விளக்கு,
வெள்ளைச் சுவரில் கொடையாளிகளின் கொடி பொறித்த பலகை.
தங்கியவர்கள்: மார்ச்சில் இருவர்.
ஏப்ரலில் எவருமில்லை.

அறிக்கை மொழியில் இது
பயன்பாட்டுக் குறைவு.
காரணம்: விழிப்புணர்வின்மை.
தீர்வு: சுவரொட்டி, நானூறு.

படகுத்துறையில் நொசிகு
அந்தச் சுவரொட்டி ஒன்றைக் கிழித்து
வறுத்த மீன் மடித்துக் கொடுத்தாள்.
எட்டு மாதம் அவளுக்கு.
இரவில் கவிழ்த்த தோணியோரம் பாய்;
அவளைப் போல இன்னும் ஐந்து பேர்.
காத்திருப்பு வீடு கூப்பிடு தூரம்.

ஏன் போகவில்லை?
கேள்வித்தாளில் அதற்கு நான்கு கட்டங்கள் இருந்தன.
நான்கிலும் அடங்காமல் சொன்னாள்:
"அங்கே அடுப்பு மூட்டக் கூடாதாமே.
துணைக்கு வந்த அக்கா என்ன தின்பாள்?
நான்தான் என்ன தின்பேன், கட்டிலையா?"

செவிலி முவாங்காலா
வாசலில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினாள்.
நெருப்புக்குத் தடை.
அடியில் பொடியெழுத்தில் அதன் மூலம்:
முதல் மதிப்பீடு, பரிந்துரை எண் ஏழு.

எழுதியவன் நான்.
ஒரே ஒரு பிற்பகல் இருந்து
சுவரின் வெள்ளையைப் பார்த்து எழுதியது.
ஒரு வரி,
எத்தனை உலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது.

லுசாக்காவில் சிதாலி வாதாடவில்லை, அதுவே அதிசயம்.
"அடுப்பு என்று எந்தச் செலவுத் தலைப்பும் இல்லையே" என்றான்.
மீந்திருந்தது சுவரொட்டிப் பணம்.
பதினாறு தகரம், செங்கல், ஒரு லாரி மணல்.
கணக்கில் 'செய்தித் தொடர்பு' என்று எழுதினான்.
எனக்கு அது பொய்யாகப் படவில்லை.

மறுவருடம் போனபோது
வீட்டுக்கு முன்பே புகை தெரிந்தது.
ஒன்பது கட்டிலில் ஆள்.
மூன்று அடுப்பு, சோளக்களி கிண்டும் துடுப்பு,
உப்பு யாருடையது என்று ஒரு சண்டை.
நொசிகுவை யாருக்கும் தெரியவில்லை.
மேற்கே போய்விட்டாள் என்றாள் ஒருத்தி,
அது வேறு நொசிகு என்றாள் இன்னொருத்தி.
அவள் பிரசவம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
என் இரண்டாம் அறிக்கையிலும் இல்லை.

கொடிப் பலகையில் பாதி கரியேறியிருந்தது.
அதை நிமிர்ந்து பார்த்து
புதிய மதிப்பீட்டாளர் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.
எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டேன்.

"சாயங்காலம் படகு இருக்கிறதே" என்றார்.