துரு

கம்பிக் கதவில் கை வைத்தால்
விரலில் செம்பொடி ஒட்டும்.
பினாங்குக் கடற்காற்று இரும்பைத் தின்றுகொண்டே
பதினான்காம் மாடிவரை ஏறி வருகிறது.
அந்தப் பெயரையே ஒரு மொழிக்கு வைத்திருக்கிறார்கள்.
ரஸ்ட்.
துரு என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
சில்லுகளைப் பொறிக்கு ஊட்டுவது என் வேலை,
தேறியது தேறாதது பிரிப்பது அதன் வேலை.
காலை எட்டுக்குப் பஸ் இறக்கிவிடும்.
ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை
ஜெயமேரியின் பழைய மடிக்கணினி எனக்கு.

ஒரு சின்னத் தரவுத்தளம் கட்டினால்
மொழி தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.
பெயரைக் கொடுத்தால் தொகையைச் சொல்ல வேண்டும், அவ்வளவே.
எங்கள் லைனின் கூட்டுப் பணம்:
பன்னிரண்டு பேர், மாதம் இருநூறு வெள்ளி.

முதல் வாரம்
கம்பைலர் ஒரு வரியையும் விடவில்லை.
பெயரைப் பெட்டியில் போட்டேன்,
பெட்டியை வேறு கைக்குக் கொடுத்தேன்,
பிறகு பெயரை அச்சிடச் சொன்னேன்.
அது உன்னிடம் இல்லை என்றது.
அடகுக்குப் போன வளையலைக்
கல்யாணத்துக்குத் தேடியவள்போல்
மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன்.

பார்க்கக் கொடு, எத்தனை பேருக்கும் கொடு.
திருத்தக் கொடுத்தால் ஒருவருக்கே;
அந்நேரம் இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் ஆகாது.
இரவலாய்ப் போனது
உடையவரைவிட நெடுநாள் இருக்கக் கூடாது.

இந்த விதியில்தான் எழுந்துபோய் முகம் கழுவினேன்.
அப்பா போய் நான்கு ஆண்டு.
அவர் வாங்கிய கடன் இன்னும் மாதாமாதம்
செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறது.
கம்பைலர் இதை ஓடவிட்டிருக்காது.

மடிக்கணினியின் பேட்டரி செத்து வருடமாகிறது.
ஜெயமேரியின் மகன் ரூபன்
போனுக்குச் சார்ஜ் போட வயரைப் பிடுங்கினான்.
மறுபடி திறந்தால்
‘எழுதியாயிற்று’ என்று திரை சொன்ன மூன்று பேர்
கோப்பில் இல்லை.
நினைவில் வைத்திருந்ததாம்.
வட்டில் இறக்கவில்லையாம்.
நான்காமவர் பாதிப் பெயராய்த் தொங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு
வரிக்கு வரி ஒரு சரிபார்ப்பு எண் வைத்தேன்.
வட்டு தன் வாயால் சொல்லும்வரை
நானும் ‘ஆயிற்று’ சொல்வதில்லை.
இரண்டு நாள் எடுத்தது. வேகம் பாதியானது.
போகட்டும்.

நீக்குவது என்றால் அழிப்பது என்றே இருந்தேன்.
இந்தக் கோப்பில் எதையும் அழிக்க முடியாது,
கடைசியில் சேர்க்கத்தான் முடியும்.
‘இவர் இனி இல்லை’ என்பதும்
ஒரு புதிய வரி.
கல்லறைக்கல் என்பார்கள் இந்த வரியை.
நான் நிரலில் தமிழிலேயே தட்டினேன்:
நடுகல்.
மறுபேச்சில்லாமல் கம்பைலர் ஏற்றுக்கொண்ட
என் முதல் சொல்.

போன மாதம் பிம்லா தாமாங்குக்கு
ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள்.
ஏழு மாதம் கட்டியிருந்தாள், சீட்டு இன்னும் விழவில்லை.
ஆயிரத்து நானூறை உறையில் போட்டு
வேன் கிளம்பும் முன் கையில் திணித்தோம்.
எண்ணிப் பார்க்கவில்லை அவள்.
நான் எண்ணியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பெயரை நீக்கினேன்.
தேடினால், அப்படி யாரும் இல்லை.
கோப்பை நேராகத் திறந்தால்
பிம்லா, 200. பிம்லா, 400.
அப்படியே 1400 வரை ஏறி,
கீழே நடுகல்.

பழைய வரிகளைக் கூட்டிப் பெருக்கி
கோப்பைச் சுருக்கும் பகுதியையும் எழுதிவிட்டேன்.
நகல் ஒன்றில் ஓட்டினேன்:
எட்டு வரியும் சுத்தமாகப் போயின, கல்லும் போனது.
அசலில் இன்னும் ஓட்டவில்லை.
மொத்தக் கோப்பே நான்கு கேபி.
இடம் போதவில்லை என்று யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

பதினொன்று. ரூபன் கதவைத் தட்டுகிறான்.
ஏழு சோதனையில் ஆறு தேறிவிட்டன,
ஏழாவதில்தான் ஏதோ இடிக்கிறது என்று
அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அக்கா, கேம் விளையாடணும் என்றான்.
வயரைச் சுற்றிக் கொடுத்தேன்.