ஒன்பது அடி

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அன்றைக்கு ஆள் வரவில்லை.
ஈட்டி எறிய வந்த மாதேஸ்வரி
ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தாள்.

பழைய கேலரி, நூற்றுப் பதினான்கு அடி நீளம்.
பதினொரு படி.
தேக்குத் தூண் இருபத்திரண்டு,
அதில் ஒன்றில் ஏதோ ஒரு துரை
பேனாக்கத்தியால் கீறிய குதிரைத் தலை.
மங்களூர் ஓடு. தேனடை இரண்டு.
"தேனடையக் கூடவா எழுதுவீங்க?"
எழுதிக்கொண்டேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும்
கோட்டைப் பாறை எட்டிப் பார்க்கிற ஊர் கிருஷ்ணகிரி.
இங்கே கல்லைப் பற்றி யாரும் பொய் சொல்ல முடியாது.
மூன்று வாரம் கல்லுக்குக் கல் வரைந்தபோதுதான் பார்த்தேன்,
மேலே எட்டுப் படியும் வழுவழுவென்று இழைத்தவை.
கீழே மூன்றும் உளி கொத்தியதோடு விட்டவை.
நான்காம் படியின் விளிம்பில்
வரிசையாக, விரல் நுழைகிற குழிகள்.
உள்ளே ஈயம் இன்னும் இருக்கிறது.

"கம்பி வேலி இருந்திருக்கும் மேடம்"
என்றார் உதவிப் பொறியாளர் திம்மராயன்.
"அந்தக் காலத்துல அப்படி."
சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்தார்.

மறுவாரம் குழுவிடமிருந்து கடிதம்:
புதிய பெவிலியன் பழைய கட்டடத்தைத் தொடக்கூடாது.
குறைந்தது ஒன்பது அடி தள்ளி நிற்க வேண்டும்.

நல்ல விதிதான்.
கல்லூரியில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
ஆனாலும் அந்தச் சொல்லை
வேறு தெருவில், வேறு வாயில் கேட்டிருக்கிறேன்.
பென்சிலை வைத்துவிட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒப்பந்தக்காரர் வளைவு கேட்டார், இரண்டு சிங்கத்தோடு.
முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி கேட்டார்.
நான் மெல்லிய இரும்புத் தூண்களை வரைந்தேன்.
பழைய இறவாணத்துக்கு ஒரு சாண் கீழே
புதிய கூரை நின்றுகொள்ளட்டும்,
பாறையை மறைக்காமல்.

மாதேஸ்வரி வரைபடத்தின் மேல் குனிந்தாள்.
"டிரெஸ் மாத்த எங்கக்கா?"
இப்போது படிக்கட்டுக்கு அடியில்,
கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில்
ஒருத்தி மாற்றுவாள், இன்னொருத்தி துப்பட்டாவைப் பிடிப்பாள்.
என் தாளில் பெண்கள் அறை எட்டுக்கு ஆறு.
விஐபி அறை இருபதுக்குப் பதினெட்டு.
நான்தான் வரைந்திருந்தேன். என் கையெழுத்து.

அழிப்பான் தேய்ந்து தாள் கிழிந்தது.

"அப்ப கலெக்டர் எங்க மேடம் உக்காருவார்?"
"படியில சார்."
"எந்தப் படி?"
"எல்லாம் ஒரே கல்லு, ஒரே இழைப்பு.
மூணாவதுல காத்து நல்லா வரும்."
திம்மராயன் சிரிக்கவில்லை.
ஆனால் அடுத்த தாளைப் புரட்டினார்.

மதிப்பீட்டில் ஒரு வரி இருந்தது:
பழைய படிகளின் குழிகளை சிமென்டால் அடைக்க
ரூபாய் இரண்டாயிரத்து நானூறு.
அடித்துவிட்டேன்.
குழிகள் இருக்கட்டும்.
குழந்தைகள் விரலை விட்டுப் பார்க்கும், எதற்கென்று கேட்கும்.

அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்பு தூவிய காலையில்
டேப் வண்டியிலேயே தங்கிவிட்டது.
"இருங்கக்கா" என்று
மாதேஸ்வரி ஈட்டியைத் தரையில் கிடத்தினாள்.
ஏழரை அடி.
மிச்சத்துக்குத் தன் பாதங்களை
ஒன்றன்முன் ஒன்றாக வைத்தாள்.
கட்டைவிரல் வெள்ளைக் கோட்டில் நின்றது.
ஈட்டியின் முனை
கீழ்ப்படியின் கொத்திவிட்ட கல்லைத்
தொட்டுக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.