எந்த ழ?

திருக்காட்டுப்பள்ளிப் பேரூராட்சியில்
பிறப்பு இறப்பு மேசை என்னுடையது.
சன்னலுக்கு வெளியே வாழைத்தார் ஏற்றும் லாரி.
உள்ளே நானும்
தலையாட்டியபடி சுற்றும் ஒரு மின்விசிறியும்.

இந்த ஆண்டு இதுவரை
தன்ஷிகா பதினொன்று,
மிதுஷா ஒன்பது,
யாழினி பதினேழு.
பதினேழில் பாதி, வீட்டில் யாளினி.
மீதி யாலினி.
நான் திருத்துவதில்லை.
படிவத்தில் எழுத்துக்குத்தான் கட்டம்,
ஓசைக்குக் கிடையாது.

செவ்வாய்க்கிழமை இலக்கியா வந்தாள்,
துண்டுக்குள் ஒரு மாதப் பிள்ளை.
பின்னால் கணவன் செழியன்,
தன்னைச் செளியன் என்றே சொல்லி
முப்பது வருடம் ஒப்பேற்றியவன்.

"பேரு?"

"வாளவந்தா."

"எந்த ள?"

"அதாங்க மேடம், வாளப்பளத்துல வருமே,
அந்த ள."
செழியன் லாரியைக் காட்டினான்,
சாட்சிக்கு ஆள் கூப்பிடுகிறவன் போல.

தேடினேன். கணினியில் ஒன்றுமில்லை.
கணினிக்கு முந்தைய,
கரையான் பாதி படித்து வைத்த ஏடுகளில்
ஐம்பத்தெட்டில் மூன்று வாழவந்தாள்,
அறுபத்து மூன்றில் ஒருத்தி.
அவளை எழுதியவர் வாலவந்தாள் ஆக்கியிருக்கிறார்.
யாரோ பென்சிலால் திருத்தி
வாளவந்தாள் ஆக்கியிருக்கிறார்கள்.
அதற்கப்புறம் இந்த ஊருக்கு
யாரும் வரவில்லை
வாழ.

"பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கம்மா" என்றேன்.
என்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பது
நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
ஆங்கிலக் கட்டத்தில்
ழ-வுக்கு இசட்டும் எச்சும் போடவேண்டும்.
வங்கியில் வஜாவந்தல் ஆவாள்.
ரயில் டிக்கெட்டில் வஸாவந்தால்.
ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவர்
முதல் இரண்டு எழுத்தில் திணறி
அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.
"யாழினின்னு போட்டுடவா? அதுலயும் ழ இருக்கு."

இலக்கியா பிள்ளையைத் தோள் மாற்றினாள்.
"முன்னாடி ரெண்டு தடவையும்
நீங்கதான் மேடம் எழுதுனீங்க."

பீரோவில் மேல் தட்டு பிறப்பு.
கீழ்த் தட்டுக்குக் குனிய வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன், ஆகஸ்ட். ஆண். மூன்று நாள்.
போன வருடம், ஜனவரி. பெண். பதினோரு நாள்.
தாய் இலக்கியா.
தந்தை செளியன் என்று இருக்கிறது,
நீல மையில், என் கையெழுத்தில்.
பெயர் என்ற இடத்தில், இரண்டு முறையும்,
'பெயரிடப்படவில்லை.'

அதிகம் வைக்கப்படும் பெயர் எது என்று
யாராவது கேட்டால் யாழினி என்பேன்.
மேல் தட்டுக்கு அது சரி.
கீழ்த் தட்டைப் பற்றி
இதுவரை யாரும் கேட்டதில்லை.

தட்டெழுத உட்கார்ந்தேன்.
ழ விசையில் எழுத்து இன்னும் அழியவில்லை.
சுற்றியுள்ள விசைகள் மொட்டை.
நாக்கை மேலே மடித்து,
அண்ணத்தைத் தொட்டும் தொடாமல்
ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
அழுத்தித் தொட்டால் ள.
தொடப் போய்த் தயங்கி நின்றால்தான்
வாழ.

"எங்களுக்கு அது வராதுங்களே" என்றான் செழியன்.
"கூப்பிடக் கூப்பிட வந்துடும்" என்றாள் அவள்,
அவனுக்கா, பிள்ளைக்கா,
எனக்கா, தெரியவில்லை.
பிள்ளை ஒரு கொட்டாவி விட்டது,
தாலுகா ஆபீஸ் ஆள் மாதிரி.

அச்சு இயந்திரம் இரண்டு தடவை
தாளை இழுத்து, கசக்கி, நிறுத்தியது.
மூன்றாம் தடவை
சூடாக ஒரு சான்றிதழ்.

இலக்கியா அதைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
"சரியா வந்துருக்கா?"

எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தேன்.
துண்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"வந்துருக்கா" என்றேன்.