ஆளுயரம் எழுந்த கரை

அளவுகோலை நட்டுப் பார்த்தேன்:
ஒரு மீட்டர் தொண்ணூற்று மூன்று.
நம்பாமல் மறுபடி நட்டேன்.
தொண்ணூற்று நான்கு.
கடல் இறங்கவில்லை, லெய்னாசெய்,
கரைதான் எழுந்திருக்கிறது.

நேற்றுவரை கழுத்தளவுத் தண்ணீரில்
காலால் துழாவி எடுத்த சிப்பிகள்
வெயிலில் வாய்பிளந்து கிடக்க,
நடுவில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.
பவழம் அன்று இன்னும் ஊதாதான்.
மூன்றாம் நாள் வெளுத்தது.
நான்காம் நாள் ஈ.

மேகத்தின் அடிவயிற்றை
இரவெல்லாம் சிவப்பாய் வைத்திருந்த குழம்பு ஏரி
மலையுச்சியில் ஒரே ராத்திரியில் வடிந்துபோயிற்று.
அந்தச் சிவப்பில் பிறந்தவர்கள்தான்
இந்த ஊரில் அத்தனை பேரும்.
முதன்முறையாக அந்தத் திசையில்
நட்சத்திரம் தெரிந்ததாம்.
நாய்கள் அதைப் பார்த்துக் குரைத்தனவாம்.

எங்கே போயிற்று?
பக்கவாட்டில்.
பாறைக்குள் கத்தி செருகியதுபோல
மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள
எல்லாச் சேனைத் தோட்டங்களுக்கும் அடியில்,
இவள் அடுப்படியை இரண்டாய்ப் பிளந்து,
தேவாலயத்தை ஏனோ விட்டுவிட்டு,
கடலடியில் போய் வெடித்தது.
சாட்சிக்கு நுரைக்கல் கரையொதுங்கியது,
சோளப்பொரி கனத்தில்.

'இந்த நெருப்புக்கு
விறகு எங்கிருந்து வருகிறது?'
பிஸ்லாமாவில் கேட்டாள்.
தண்ணீரிலிருந்து என்றேன்.
கேலி செய்கிறேன் என்று நினைத்தாள்.

மேற்கே ஒரு கடல்தரை
ஆண்டுக்கு இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று
நம் காலடியில் நுழைகிறது.
உலர்ந்து போகவில்லை அது.
கோடி கோடி ஆண்டு ஊறிய பாறை;
வெடிப்பில் மட்டுமல்ல,
கல்லின் எலும்புக்குள்ளும்
நீர் கல்லாகவே ஆகிக் கிடக்கிறது.
நூறு கிலோமீட்டர் ஆழத்தில்
அழுத்தம் அதைத் துணிபோல் பிழிகிறது.
பிழிந்த நீர் மேலேறித் தொடுகிறது,
அவ்வளவு சூட்டிலும் உருகாமல்
பிடிவாதமாய்க் கிடந்த இன்னொரு பாறையை.
தொட்ட இடம் இளகுகிறது.
சூடு கூடவில்லை, லெய்னாசெய்.
ஈரம் கூடியது.

'அப்படியானால் வருவது எங்கள் கடலா?'
கொஞ்சம்.
'உப்பும் வருகிறதா?'
புகையோடு வருகிறது.
உன் மழைத்தொட்டி புளிப்பதில் ஒரு பங்கு அதுதான்.
அதற்குத்தான் சிரித்தாள்.

பிழியும் கோட்டுக்கு மேலெல்லாம்
ஒன்றன்பின் ஒன்றாய்த் தீவு.
வரைபடத்தில் வில்போல் வளைந்து அழகாயிருக்கும்.
இங்கிருந்து பார்த்தால் வில் இல்லை,
அடுத்த தீவின் புகை மட்டும்,
மழை நாளில் அதுவும் இல்லை.

வழக்கு சாயங்காலம் வந்தது.
வோர்வோர் வீட்டார் நிலம்
அத்திமரத்திலிருந்து அலைவரை.
அலை இப்போது அறுபது அடி தள்ளிப் போயிருக்கிறது.
பவழத்திட்டு தலைமுறையாய் எங்களது,
தண்ணீருக்கு மேல் வந்தால் மட்டும் உங்களதா
என்கிறார்கள் புலேதரே வீட்டார்.
இரண்டு கட்சியும் என்னைப் பார்த்தது.
'உன் கருவி என்ன சொல்கிறது?'
உயரம் சொல்லும். யாருடையது என்று சொல்லாது.
'மறுபடி இறங்குமா?'
இறங்கலாம். தெரியவில்லை.
'இதைச் சொல்லவா
விலாவிலிருந்து விமானம் ஏறி வந்தாய்?'

பேச்சு முடியும்முன்
பையன்கள் அங்கே பந்தாடத் தொடங்கியிருந்தார்கள்.
செத்த பவழம் நான்கு கட்டி, இரண்டு கோல்.
ஒன்று வோர்வோர் சொல்லும் எல்லைக்குள்,
மற்றது புலேதரே சொல்லும் எல்லைக்குள்.
யாரோ ஓங்கி உதைத்தான்.
பந்து உருண்டு, உருண்டு,
விரிசலுக்குள் போயிற்று.

எல்லோரும் போய்க் குனிந்தோம்,
வழக்காடியவர்களும்.
இருட்டு. அதிலிருந்து
வெதுவெதுப்பாய் ஒரு மூச்சு.
லெய்னாசெய் கையை நீட்டி
கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.
பிறகு உள்ளங்கையை என்னிடம் காட்டினாள்.
நனைந்திருந்தது.

பையன்கள்
பந்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.