இது ஊத், ஊத் அல்ல

முள்ளுவாடி கேட் மூடியிருந்தது.
ரயில் போகும்வரை நின்றுவிட்டு
மாடியேறி வந்தவள் கேட்டாள்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலேதான் அரபி ஆபீஸா?
நான்தான் அரபி ஆபீஸ்.
பிறப்புச் சான்று, மணச் சான்று, வெல்டர் அனுபவச் சான்று,
பக்கத்துக்கு நூற்றைம்பது. முத்திரை தனி.

நாகலூர். பெயர் சடைச்சி. ஒன்றரை ஏக்கர் காப்பி.
முழ நீளக் கழி ஒன்றை மேசையில் வைத்து
அதைச் சுற்றி வந்த காகிதத்தை நீவினாள்.
காப்பிக்கு நடுவே அகில் வையுங்கள் என்றானாம் ஒரு நாற்றுக்காரன்,
கிலோ லட்சத்துக்குப் போகும் என்று.
ஒன்பது வருஷம்.
மாதிரிக்கு ஒரு கிளை வெட்டி ஷார்ஜாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.
கிளையே திரும்பி வந்தது,
பேனாவால் கிறுக்கிய ஒற்றை வரியோடு.

ஹாதா ஊத், மூ ஊத்.

பதினேழு வருஷத்தில்
இப்படியொரு வரி என் மேசைக்கு வந்ததில்லை.
இது ஊத். ஊத் அல்ல.

"ஒரே சொல்லை ரெண்டு தடவ எழுதி
ஒண்ண அடிச்சுப்புட்டானா?"

இல்லை அம்மா.
முதல் ஊத் கழி, சுள்ளி,
மாடு ஓட்டவும் தீ மூட்டவும் ஆகிற எதுவும்.
இரண்டாவது,
பூசணம் ஏறிக் கறுத்துப் பிசின் ஊறிய அகிலின் வயிறு.
சேலத்தைச் சுற்றி எத்தனை மலை இருந்தாலும்
மலைக்குப் போகிறேன் என்றால் ஏற்காடுதானே,
அப்படி.

கழியைத் திருப்பிப் பார்த்தாள்.
"அப்ப மரம் நல்லாருக்குதுங்கறான்."
ஆமாம்.
"நோவு வந்தாத்தான் காசு."
ஆமாம்.
"நாப்பத்தி மூணும் நல்லாத்தான் நிக்குதுங்க, சனியனுங்க."

அதோடு விட்டிருக்கலாம்.
சொல்லைத் தொட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்பதில்லை.
மடியில் சாய்த்து மீட்டுகிற தந்தி வாத்தியமும் ஊத் என்றேன்.
ஊதுபத்தியில் இருப்பது நம்முடைய ஊது இல்லை,
இந்த ஊத்தான் இங்கே வந்து பத்தியோடு சேர்ந்ததாம் என்றேன்.
"நாம அணைக்கத்தானே ஊதறோம்?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
சொல்லின் முதலெழுத்து ஐன், தமிழில் அதற்கு எழுத்தில்லை,
விழுங்கப் போனதைத் தொண்டையிலேயே பிடித்து நிறுத்துகிற ஒலி.
ஐன், வாவ், தால்.
இதே வேரில்தான் திரும்பி வருவதற்கும் சொல்.
வருஷா வருஷம் திரும்பி வருவதால்
ஈத் பெருநாளும் இந்த வேர் என்பார்கள்.

"அதான் திரும்பி வந்துருச்சு" என்றாள்,
சிரிக்காமல்.

எழுதித் தரச் சொன்னாள், நாற்றுக்காரன் முகத்தில் வீச.
இது கட்டை, அகில் அல்ல என்று எழுதினேன்.
அகில் இல்லாமல் என்ன? அடித்தேன்.
இது அகில், அகில் அல்ல.
தமிழும் அதே பள்ளத்தில் போய் விழுந்தது.
அப்படியே முத்திரை குத்திக் கொடுத்தேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்,
புரிந்ததாகத் தலையாட்டி மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.
ஐந்தேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
கழியை எடுத்துப் போகவில்லை.

ராத்திரி பிளேடால் ஒரு சீவல் சீவிக் கொளுத்தினேன்.
யார் வீட்டிலோ வெந்நீர் காய்கிற வாசனை.

என் ஜன்னலுக்குக் கொக்கி இல்லை,
காற்றடித்தால் படார் என்று சாத்திக்கொள்ளும்.
இப்போது அதற்கு முட்டு கொடுத்திருக்கிறேன்,
ஊத்.
முதல் பொருளில்.